அடுப்படியில் ஏழடிப் பெஞ்சு

என் மனைவி அடுப்பின் முன்னால் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. விழுந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கிழங்கு நறுக்கத் தரையில் உட்காரப் போனவளுக்குக் கால்கள் மடங்கவில்லை. பாதி குனிந்தபடி நின்று, சுவரைப் பிடிக்கக் கை நீட்டி, சுவர் எட்டாமல் பக்கவாட்டில் சரிந்தாள். நானும் பெரிய மகளும் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போது அவள் கணுக்காலுக்கு மேலே நான் பிடித்த இடத்தில் என் விரல்கள் பதிந்து நான்கு குழிகள் விழுந்தன. கையை எடுத்த பிறகும் குழிகள் அப்படியே இருந்தன. அவை மேலே எழும்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் அது. மலாயாவில் லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். பால்வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. மரங்களுக்கு நடுவில் மரவள்ளி நட்டு அதைத்தான் தின்றுகொண்டிருந்தோம். லயத்தில் குடியிருந்த பால்வெட்டு ஆண்களில் பாதிப் பேரை லோரிகளில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. எனக்கு அன்றாடம் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. நோட்டுப் புத்தகம் கிடைக்காததால் ஆள் வருகை குறிக்கும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். இப்போது சொல்வதெல்லாம் அந்தத் தாள்களைப் பார்த்துச் சொல்வதுதான்.

கிராணி வீட்டில் அடுப்பு இடுப்பளவுத் திட்டில் இருந்தது. ஆகவே நின்றபடி அவளால் சமைக்க முடியும். நறுக்க, அரைக்க, சாப்பிடத்தான் கீழே உட்கார வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். அங்கே நோயாளிகள் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடந்தார்கள். வீக்கத்தோடு போனவர்களில் நடந்து திரும்பிய எவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

"நான் இந்தக் குசினியில நிக்கற வரைக்கும்தான் உசுரோட இருப்பேங்க. படுத்தா போச்சு," என்றாள்.

அதனால் அவள் குசினியிலேயே உட்கார ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவுசெய்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அளவெடுக்கத் தெரியும், எழுதத் தெரியும். அதைச் செய்தேன்.

முதலில் உயரம். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து, மேலே விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அவளை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். பதினெட்டு அங்குலத்தில் எழ முடியவில்லை. பத்தொன்பதில் என் தோளைப் பிடித்து எழுந்தாள். இருபத்தொன்றில் தானாக எழுந்தாள். எழுந்தவள் மூச்சு வாங்க நின்று, "ஏங்க, என்னைய வச்சு கட்டடம் கட்டறீங்களா?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் கேட்டாள். ஆனால் நான்கு தரம் எழுந்து உட்கார்ந்ததற்கே அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது சேலைக்கு மேலே தெரிந்தது.

அடுத்து இடம். தனிப் பெஞ்சு உதவாது. ஓரத்தில் பாரம் விழுந்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும், அவளோடு கவிழ்ந்துவிடும். சுவரோடு சேர்த்து அறைந்த பெஞ்சுதான் சரி. பின்கதவு நிலையிலிருந்து அடுப்புத் திட்டு வரைக்கும் சுவர் ஏழடி இருந்தது. அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன். அந்தச் சுவரோரமாக முழங்காலிட்டது அன்றுதான். நான் சாப்பிடுவதெல்லாம் முன்னறையில். அவள் கொண்டுவந்து வைப்பாள், பக்கத்தில் நின்று பரிமாறுவாள்.

சுவரோரத்தில் ஒரு தகரத் தொட்டி இருந்தது. பெஞ்சுக் கால் வரவேண்டிய இடம்.

"இது எதுக்கு இங்க இருக்கு?"

"கஞ்சி வடிக்கிறதுக்கு. உங்க சட்டைக்குத்தான்."

'தொட்டி: நகர்த்த வேண்டும்' என்று தாளில் எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

பலகைக்கு, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் போனேன். அவர் அடுத்த வீடு. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளிகளை வரிசையாக வைக்கும் நீளப் பலகைகள் சும்மா கிடந்தன. தோட்டத்துச் சொத்து, ஆகவே இப்போது ஜப்பான்காரன் சொத்து. எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டு எடுக்கலாம் என்றேன்.

"எழுதிக் கேக்கறீங்களா? நல்லா கேட்டீங்க போங்க," என்றார் மண்டோர். "அவன் வந்து பாத்துட்டு, பலகையோட சேத்து உங்களையும் எண்ணி எடுத்துக்கிட்டுப் போவான்லா. பேசாம தூக்குங்க கிராணியாரே. ஆமா, குசினியில பெஞ்சு போட்டு என்ன, பள்ளிக்கூடமா தொறக்கப் போறீங்க?"

"வீட்ல அவளால கீழ உக்கார முடியல."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பலகையின் ஒரு முனையை அவரே தூக்கினார். இரண்டு பலகை, ஒவ்வொன்றும் ஏழரை அடி, ஏழு அங்குல அகலம். பல வருஷத்துப் பால் காய்ந்து மரத்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. கொட்டகைத் தூணிலிருந்து ஆறு போல்ட்டுகளையும் கழற்றித் தந்தார். ஆணி என்பது அப்போது எங்கும் கிடைக்காத பொருள்.

பலகையை வீட்டில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைப் பார்த்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். மருந்து அலமாரி காலியாகி அதன் கண்ணாடிக் கதவும் திறந்தே கிடந்தது.

"என்ன காணும், மனுசிக்கு எப்பிடி?"

"கீழே உட்கார முடியவில்லை ஐயா. சுவரோரமா ஒரு பெஞ்சு போடறேன்."

"பெஞ்சு கிடக்கட்டும். என்ன சாப்பிடுறா?"

மடித்து வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தேன். கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமத்தில் பண்டமாற்றாக வாங்கிய சிவப்பரிசி எத்தனை படி, பச்சைப்பயறு எத்தனை படி, எந்தக் கிழமை என்று எல்லாம் அதில் இருந்தது. அவள் கால் வீங்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்காகவே தேடி வாங்கியவை அவை.

டிரஸ்ஸர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீர் வாங்கிக் குடுத்ததை நான் கேக்கேல்லை. அவவின்ர வாய்க்குள்ள போனது என்னெண்டு கேக்கிறன்."

நான் தாளைப் பார்த்தேன். அதில் அது இல்லை.

"நீர் சாப்பிடேக்க அவ எங்க?"

"பக்கத்தில் நின்று பரிமாறுவாள்."

"அவ சாப்பிடேக்க நீர் எங்க?"

"ஆபீசுக்குப் போயிருப்பேன்."

"அப்ப உமக்கென்ன தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "சோறு வடிக்கிறதோ?"

"வடிக்கிறதுதான். ரேஷன் அரிசியில் சுண்ணாம்பு இருக்கே, ஐந்தாறு தண்ணீர் விட்டுக் கழுவித்தான் போடுவாள். சிவப்பரிசியையும் அப்படித்தான்."

"கழுவின தண்ணியிலயும் வடிச்ச தண்ணியிலயும்தான் காணும் மருந்து போகுது. அந்தக் கஞ்சி எங்க போகுது?"

என் சட்டைக் கழுத்துப்பட்டி விறைப்பாக என் கழுத்தில் உரசிக்கொண்டிருந்தது.

"இது பெரிபெரி காணும், சத்தில்லாமல் வாற வீக்கம். என்னட்டை ஊசி இல்லை, மாத்திரை இல்லை. அவ்வளத்தையும் அவங்கள் கொண்டு போயிட்டாங்கள். கழுவாத சிவப்பரிசி, பயறு, எல்லாத்திலயும் திறம் தவிடு. தவிடு தேடும். வீக்கம் வயித்துக்கு மேல ஏறினால் நெஞ்சு நிண்டிடும். அதுக்குப் பிறகு நீர் என்னட்டை ஓடிவந்து பிரயோசனமில்லை."

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்கினேன். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. பலகையை ஏழடிக்கு அறுத்தேன். எண்பத்து நான்கு அங்குலம். ஆளுக்கு இருபத்தொன்று வீதம் கரித்துண்டால் மூன்று கோடு போட்டு நான்கு இடம் பிரித்தேன். அடுப்புக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. கைபிடித்து எழ அங்கே திட்டு இருந்தது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"எதுக்குங்க நாலு? மூணு போதுமே. கொஞ்சம் தாராளமா உக்காரலாம்."

"நீ?"

"நீங்கள்லாம் எந்திரிச்ச பொறவு எனக்கு ஏழடியும் இருக்கே."

"எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடணும். அதுக்குத்தான் பெஞ்சு."

"ஐயையே," என்றாள். அவள் முகம் உண்மையாகவே சிவந்தது. "உங்க முன்னாடி நான் உக்காந்து தின்னுவேனா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

அப்போதுதான் கேட்டேன். "நேத்து மத்தியானம் நீ என்ன சாப்பிட்ட?"

"எல்லாரும் சாப்பிட்டதுதான்."

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சின்ன மகள் தலையைத் தூக்கினாள். ஏழு வயது. "இல்லப்பா. அம்மா எப்பவும் கெழங்குதான் திங்கும். அம்மா சோத்த எனக்கு ரெண்டாந்தடவ வைக்கும். பயறு அக்காவுக்கு."

"வாய மூடுடி," என்றாள் என் மனைவி.

நான் ரம்பத்தைக் கீழே வைத்தேன். அவளுக்காக வாங்கிய சிவப்பரிசியில் ஒரு கவளம்கூட அவள் வாய்க்குப் போகவில்லை. என் தட்டிலும் அது வந்திருக்கிறது. ருசியாக இருக்கிறது என்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. வடித்த கஞ்சியையாவது குடித்தாளா என்று கேட்டேன்.

"அதக் குடிச்சுட்டா சட்டைக்கு என்ன பண்ண?"

"சட்டை கெட்டுது போ!"

"கத்தாதீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "கிராணி மாதிரி வெறப்பா சட்டை போட்டுக்கிட்டுப் போறதுனாலதான் ஜப்பான்காரன் உங்களை எழுதற ஆளுன்னு விட்டு வச்சிருக்கான். கசங்கின சட்டையோட போய் நின்னீங்கன்னா லயத்து ஆளுன்னு லோரில ஏத்திருவான். சயாமுக்குப் போனா நீங்க திரும்பி வருவீங்களா? சொல்லுங்க, வருவீங்களா? எனக்குக் காலு மட்டும்தாங்க வீங்கியிருக்கு."

காலோடு நிற்காது என்று டிரஸ்ஸர் சொன்னதைச் சொன்னேன். வயிறு, நெஞ்சு என்று சொன்னேன். அவள் இடுப்புச் சேலையைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள். அவள் அதை அன்று மூன்றாம் முறையாகச் செய்வதை நான் கவனித்தேன். வீக்கம் ஏற்கனவே வயிற்றுக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சை அறைந்து முடித்தோம். மண்டோர் உதவிக்கு வந்தார். சுவர்த் தூண்களில் ஒரு சட்டத்தைப் போல்ட்டால் இறுக்கி, பலகையின் பின்விளிம்பை அதன்மேல் தாங்கவைத்து, முன்னால் மூன்று கால் கொடுத்தோம். பிள்ளைகளின் கால் தொங்காதிருக்கக் கீழே ஒரு கம்பு. நால்வருக்கும் முன்னால் ஒரு குறுகிய சாப்பாட்டுப் பலகை. அதற்கும் பெஞ்சுக்கும் நடுவில் வீங்கிய கால் இடிக்காமல் நுழைய ஒரு சாண் கூடுதலாக விட்டேன். ஒரே ஒரு திருத்தம் அவளுக்காகச் செய்தேன். நால்வரும் ஒரே சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாகத்தான் உட்காருவோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்று காட்டினேன். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, கழுவாமல், வடிக்காமல். நான்கு தட்டிலும் ஒரே அளவு. அவள் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடி தட்டில் கை வைத்தாள். ஒரு கவளம் உருட்டினாள். அதைச் சின்னவள் தட்டில் வைத்தாள். அடுத்த கவளத்தையும் வைத்தாள்.

நான் என் தட்டைத் தள்ளிவைத்தேன். "நீ சாப்பிடற வரைக்கும் நானும் தொடமாட்டேன்."

பெரியவள் என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துச் சின்னவளும் எடுத்துக்கொண்டாள். பசி ஒரு நிமிஷம்கூட விடாத அந்த நாளில், சோறு இருந்த நான்கு தட்டுகளுக்கு முன்னால் நான்கு பேர் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தோம். சின்னவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தன் சோற்றையே பார்த்தாள்.

"புள்ளைங்களப் பட்டினி போடறீங்களா? நீங்கள்லாம் ஒரு அப்பனா?"

"நீ இல்லாமப் போனா இதுங்களுக்கு யாரு சோறு போடுவா? நானா? எனக்கு இந்தக் குசினியில உப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். கோபத்தோடு, விழுங்க முடியாமல், ஒவ்வொரு வாய்க்கும் என்னைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு வாயையும் எண்ணினேன். ஒன்பது.

ஆளுக்கு ஒன்பது வாய்ச் சோறு போதாது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் என் பங்கை அவள் தட்டில் சேர்த்துவிட்டு எனக்குக் கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டேன். அவள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள்.

"உங்க தட்டுல சோறு எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்." அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். அன்று முழுவதும் ஒன்றும் தின்னவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தபோது அவளால் மறைத்துக் கொடுக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. சமமாகப் பிரித்தால் அவளுக்குப் போதாது. சமமாகப் பிரிக்காவிட்டால் அவள் தொடமாட்டாள். செக்ரோல் தாளில் இதை எப்படி எப்படியோ எழுதிப் பார்த்தேன். வழி இல்லை. புதன்கிழமை அடுப்பிலிருந்து பெஞ்சுக்கு வர, மூன்றடி தூரத்துக்கு, இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

தவிடு ஒன்றுதான் மிச்சம். டிரஸ்ஸர் சொன்ன அன்றைக்கே நான் அதைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு கிராணி தன் மனைவிக்கு மாட்டுத் தீனி போடுவதா என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய பிழை என்பதை அவள் அப்படி இரண்டு முறை நின்றதில்தான் புரிந்துகொண்டேன். வியாழன் விடிந்ததும் ஆபீசுக்குப் போகாமல் மலாய்க் கம்பத்துக்கு நடந்தேன். வயலோரத்தில் நெல் குத்திக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாளிடம், மக்சிக்கிடம், தவிடு கேட்டேன். மூலையில் ஒரு சாக்கு நிறைய இருந்தது. அவளுடைய கோழிகளை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அதைத் தின்ன ஆள் இல்லை.

கோழிக்கா என்று மலாயில் கேட்டாள். மனைவிக்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்கை முன்னால் இழுத்தாள். துணி கிடைக்காத காலம். நான் மடித்துக் கொண்டுபோயிருந்த வெள்ளைச் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு சிறிய பை நிறையத் தவிடு அள்ளிக் கொடுத்தாள்.

வீட்டில் பெரியவள்தான் சொல்லித்தந்தாள், எந்தச் சட்டி, எவ்வளவு தீ என்று. தவிட்டை வறட்டுச் சட்டியில் வறுத்து, வடிக்காமல் காய்ச்சிய கஞ்சியில் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டேன். பழுப்பாக, கூழ் போல, சாக்கு நாற்றத்தோடு வந்தது. நான்கு கிண்ணத்தில் ஊற்றி, நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

என் மனைவி முகர்ந்து பார்த்தாள். "இது கோழிக்கு வைக்கறதாச்சே."

"கோழிங்கதான் இல்லையே. குடி."

அவள் குடிக்கவில்லை. வழக்கம்போல முதலில் பிள்ளைகளைப் பார்த்தாள். பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சின்னவள் நாக்கை மட்டும் வைத்துப் பார்த்து, "கசக்குதும்மா, மண்ணாட்டம் இருக்கு," என்றாள். அவள் கிண்ணத்தை என் மனைவி எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். சின்னவள் உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"நீங்க?"

நானும் ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. அவளுக்காக நடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உண்மையாகவே என்னால் முடியவில்லை. கிண்ணத்தைப் பலகையில் வைத்துவிட்டேன்.

அவள் நான்கு கிண்ணங்களையும் பார்த்தாள். யாருக்கும் வேண்டாம் என்பது நிச்சயமாகத் தெரியும்வரை பார்த்தாள். யார் வாயிலிருந்தும் பிடுங்காத ஒன்று அந்த வீட்டில் அவளுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. பிறகு தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தாள். அடுத்துச் சின்னவள் கிண்ணம். அடுத்துப் பெரியவளுடையது. நான் மிச்சம் வைத்ததை மட்டும் கொஞ்சம் தயங்கி எடுத்தாள். அதையும் குடித்து முடித்தாள். என் பக்கத்தில், என் தோளுக்கு அருகில் உட்கார்ந்து, கூச்சப்படாமல் குடித்தாள்.

சுவரில் சாய்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?"

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் சாப்பாட்டை இன்னும் வேண்டுமென்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. சட்டி காலி. பையில் அடிப்பொடிதான் இருந்தது.

"இருக்கு," என்றேன். "கொஞ்ச நேரம் பொறு."

கொடியில் கிடந்த என் இன்னொரு வெள்ளைச் சட்டையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது போனால் எனக்கு மிச்சம் உடம்பில் இருந்த கசங்கிய சட்டை ஒன்றுதான். காலையிலிருந்து ஆபீசில் என்னைத் தேடியிருப்பார்கள். ஆபீஸ் பாதையை விட்டு, மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிக் கம்பத்தைப் பார்த்து நடந்தேன்.